வடைமாலை போட்ட வாடிக்கையாளர்

கல்லா மேசைக்குக் கீழே, என் இரண்டு கால்களுக்கும் நடுவில், ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருக்கிறது. நெற்றியில் அகலமாகக் குங்குமம். கழுத்தில் மிளகு வடைகளைக் கோத்த மாலை. மாலையின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வடைகளைக் காணோம். வாய்க்கு எட்டிய வரைக்கும் அதுவே தின்றுவிட்டது.

கடை வாசலில் கும்பலாக நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். ஓர் அம்மாள் கையில் கற்பூரத் தட்டு. கொஞ்சம் வெளியே அனுப்பினால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று என்னிடம் மன்றாடுகிறார், ஏதோ நான் மூலஸ்தானத்தின் கதவைச் சாத்திவிட்ட குருக்கள் மாதிரி.

நாய் நடுங்குகிறது. அந்த நடுக்கம் என் முழங்கால் வழியாக ஏறி மேசைக்கு வந்து, தராசுத் தட்டு மெல்லக் கிணுகிணுக்கிறது. மிளகும், எண்ணெயும், யாரோ தெளித்த மஞ்சள் தண்ணீரில் நனைந்த நாய் ரோமமும் சேர்ந்த ஒரு வாசனை. இன்றைக்கும் மிளகு மூட்டையைப் பிரிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரசம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாய் பிடிக்காது.

மனுஷனே உள்ளே வராத கடை

கடைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வரலாமா கூடாதா என்று இப்போது கைப்பேசிக் குழுக்களில் பெரிய சண்டை நடக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் என் மருமக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். எங்கள் மளிகைக் கடையில் என் அப்பா கல்லாவில் இருந்த வரைக்கும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அப்போது கடைக்குள் மனுஷனுக்கே அனுமதி கிடையாது.

வாசலில் குறுக்காக ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் சனங்கள், இந்தப் பக்கம் அப்பா. துவரம் பருப்பு வேண்டும் என்றால் அவர் எடுத்துக் கொடுப்பதுதான் துவரம் பருப்பு. தொட்டுப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது எதுவும் நடக்காது. நாய் வந்தாலும் பலகைக்கு அந்தப் பக்கமே நின்றிருக்கும். சமத்துவம் என்றால் அதுதான்.

நான் நாலு புத்தகம் படித்தவன் என்பதால் கடை என் கைக்கு வந்ததும் பலகையை எடுத்தேன். அலமாரிகளை வைத்தேன். ஜனங்கள் உள்ளே வந்து வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும், வணிகம் என்பது நம்பிக்கை என்று பேசினேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அரிசி, பயறு மூட்டைகளை மட்டும் வாயைத் திறந்து வரிசையாகத் தரையில் வைத்தேன். கையை விட்டு அளைந்து பார்த்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அரிசி வாங்கிய திருப்தி.

மூட்டையின் வாய் ஒரு நாயின் மூக்குக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது என்பதை நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

குமார் வந்த விதம்

லலிதாம்மா மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு எங்கள் தெருக்கோடியில், கீழ்ப் போர்ஷனில் தனியாக இருந்தார். கூட இருந்தது அந்தக் கறுப்பு நாய். பெயர் குமார்.

நாய்க்கு ஏன் இந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன். "டாமி, ஜிம்மின்னு வச்சா நாய்னு நெனச்சிக்கும் தம்பி" என்றார்.

குமாரை வீட்டில் விட்டு வர முடியாது. கதவைச் சாத்திய அடுத்த நிமிஷம் சங்கு ஊதினாற்போல அழ ஆரம்பிக்கும். மாடிப் போர்ஷனில் இருந்தவர் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர். ஆகவே லலிதாம்மா எங்கே போனாலும் கூடவே குமார். மருந்துக் கடையில் முதல் படி வரைக்கும் விட்டார்கள். இனிப்புக் கடையில் கைகூப்பினார்கள். வரவேற்கிறார்கள் என்று நினைத்து அம்மா உள்ளே போக, அது வேண்டாம் என்ற கும்பிடு என்று பிறகுதான் தெரிந்திருக்கிறது. என் கடையில்தான் பலகை இல்லையே, நேராக உள்ளே வந்துவிட்டார்கள்.

முதல் நாளே எச்சரிக்கையாகப் பேச்சைத் தொடங்கினேன். இந்த மாதிரி, தின்கிற பண்டம் விற்கிற இடம், நாலு பேர் வந்து போகிறார்கள் என்று இழுத்தேன். லலிதாம்மா கடுகு டப்பாவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பையன் சென்னைக்கு வா வான்றான் தம்பி. அவன் ஃபிளாட்ல நாய் வளக்கக் கூடாதுன்னு சங்கத்துல எழுதியே போட்டிருக்காங்க. ரொம்ப நல்ல சங்கம்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. நாய் இருக்கிற வரை சென்னைக்குப் போக வேண்டாம். மலையைப் பார்த்துக்கொண்டு, தன் சமையலைத் தானே செய்துகொண்டு, இங்கேயே இருக்கலாம். ஆனால் மகனும் லேசுப்பட்டவர் இல்லை. நாயைப் பற்றி ஊரில் ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், கீழ்பென்னாத்தூர் பக்கம் தன் நண்பனுடைய கொல்லையில் அதை விட்டுவிட்டு அம்மாவை அழைத்துப் போய்விடுவதாகப் பேசி முடித்திருந்தார். அம்மாவும் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

"அதனால அவன் வாயத் தொறக்க மாட்டான். ஏன்டா குமாரு?"

குமார் வாயைத் திறக்கவில்லை. அரிசி மூட்டையின் பக்கம் மூக்கை நீட்டியது, அம்மாவைப் பார்த்தது, மூக்கை இழுத்துக்கொண்டது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொட்டுக்கடலை மூட்டையைக் கேட்டால் சொல்லும்.

தேவி திரும்பிப் போனாள்

இப்படி ஒரு பக்கம் மட்டுமே இருந்திருந்தால் இந்த அத்தியாயம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பக்கத்துத் தெருவில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள் தேவி. ஆறேழு வயதில் ஒரு பெண், யாழினி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தெருநாய் ஒன்று யாழினியின் காலைக் கடித்துவிட்டது. ஊசி எல்லாம் போட்டு ஆறிவிட்டது. ஆறாதது வேறு. நாயைக் கண்டால் அந்தக் குழந்தை அலறாது, ஓடாது. அப்படியே நின்றுவிடும். கண்ணைக்கூடச் சிமிட்டாது.

ஒருநாள் இருவரும் வாசல் படியில் கால் வைத்தபோது, உள்ளே லலிதாம்மா காலடியில் குமார் படுத்திருந்தது. குழந்தை நின்றுவிட்டாள். தேவி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தூக்கி வைத்துக்கொள்கிற வயசு தாண்டிய பெண். கால்கள் இரண்டும் தேவியின் முழங்கால் வரை தொங்கின. லலிதாம்மா அன்று எதுவும் வாங்காமல் போனார்.

சாயங்காலம் தேவி மட்டும் வந்தாள். நாய்களைக் கடைக்குள் விடக் கூடாது என்று சட்டம் பேசுவாள், நானும் பதிலுக்கு ஏதாவது பேசலாம் என்று தயாராக இருந்தேன்.

"அண்ணா, அது வரக் கூடாதுன்னு நான் சொல்லல. அது இருந்தா எங்களால வர முடியாது. அவ்ளோதான்."

கூடாது என்கிறவரோடு வாதாடலாம். முடியாது என்கிறவரோடு எப்படி வாதாடுவது?

அன்று ராத்திரி முழுக்க அதே யோசனையாக இருந்தேன். சுத்தம் என்பார்கள். என் கடையில் ஒரு பூனை இருக்கிறது. எலிக்காக வைத்தது. மிளகாய் மூட்டையின் மேல் பகல் முழுக்கத் தூங்குகிறது. இது வரைக்கும் ஒருவர்கூட ஆட்சேபம் சொன்னதில்லை. எலியும் இருக்கிறது. அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆகவே சுத்தத்தைக் காரணம் காட்டிக் குமாரை வெளியேற்றும் யோக்கியதை எனக்குக் கிடையாது. பயம் வேறு. குமார் சாது என்று நான் சத்தியம் செய்யலாம். அந்தக் குழந்தையின் கால் அதை நம்ப வேண்டுமே. எல்லா நாய்க்காரர்களும் சொல்கிற வார்த்தைதான், ஒண்ணும் பண்ணாது. கடித்த நாயைப் பற்றியும் அதற்கு முந்தின நாள் வரைக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சரி, இந்தக் குழந்தைக்காகக் குமாரை வரவேண்டாம் என்றால்? லலிதாம்மாவின் வழியில் ஒரு கதவு சாத்தப்படும். மருந்துக் கடை, இனிப்புக் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொன்றாகச் சாத்தினால் கடைசியில் திறந்திருப்பது சென்னைக்குப் போகும் காரின் கதவு மட்டும்தான்.

நான் படித்தவன் அல்லவா. நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாசல் தூணில் ஒரு கொக்கி. நாய் வெளியே, மனுஷர்கள் உள்ளே. வெளியே இருந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும், பிறகு வந்துகொள்ளலாம் என்று தேவியும் ஒப்புக்கொண்டாள். லலிதாம்மாவும், அழ மாட்டான், நான் கண்ணுக்குத் தெரிவேன் இல்ல, என்றார்.

என் மனைவி சாந்தி மட்டும் கொக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும் நல்லவனா இருக்கணும்னா, யாரையாவது கட்டித்தான் போடணும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிஸ்கட் விற்கும் நாள்

மலையைச் சுற்ற வரும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரில் பௌர்ணமிதான் விசேஷம். மளிகைக் கடைக்காரனுக்குத் தேய்பிறை அஷ்டமி. அன்றைக்குப் பைரவருக்குப் பூசை. பைரவரின் வாகனம் நாய். நாய்க்குத் தின்ன ஏதாவது போட்டால் தடைகள் விலகும் என்று யாரோ சொல்லி, எல்லாரும் கேட்டு, அன்று ஒருநாள் மட்டும் என் கடையில் பிஸ்கட் விற்பது போல வேறெந்த நாளும் விற்பதில்லை. மற்ற நாளெல்லாம் கல்லடி தின்கிற தெருநாய்களுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. மத்தியானத்துக்கு மேல் அவை பிஸ்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாதா பிஸ்கட் என்றால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மாசி முடியப் போகிற சமயம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அன்று அஷ்டமி என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, பிஸ்கட் பெட்டிகளை முன்னால் அடுக்கி வைத்திருந்தேன். கொக்கிக்கும் அஷ்டமிக்கும் ஒரு சம்பந்தம் வரும் என்று மட்டும் தோன்றவில்லை.

சாயங்காலம் லலிதாம்மா வந்தார். குமாரைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து சாமான்கள் எடுக்க ஆரம்பித்தார்.

பிஸ்கட் வாங்கிக்கொண்டு வெளியே போன முதல் ஆள் நின்றார். வாசலிலேயே ஒரு நாய். அதுவும் சுத்தமான, மினுமினுப்பான, முழுக் கறுப்பு நாய். கழுத்தில் பட்டை. வயிறு நிரம்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி இல்லை. கட்டிப் போட்டிருப்பதால் எழுந்து போகவும் போகாது. பக்தருக்கு வேறு என்ன வேண்டும்? அவர் போட்டார், அது தின்றது. அடுத்தவர் போட்டார். அதற்குள் ஒரு வரிசை. கடைக்காரனே பைரவர் வாகனத்தை ஏற்பாடு செய்து வாசலில் வைத்திருக்கிறான் என்று பேச்சு. ஒருவர் குங்குமம் இட்டார். ஒருவர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கோயிலிலிருந்து வந்த ஓர் ஆள், பிரசாதமாகக் கையில் வைத்திருந்த வடைமாலையை அதன் கழுத்தில் போட்டார். இரண்டு பெண்கள் தூணையும் நாயையும் சேர்த்துச் சுற்றி வர ஆரம்பித்தார்கள்.

உள்ளே எனக்கு வியாபார மும்முரம். கல்லாவிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வாசலில் கும்பல் நிற்பது சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே என்ன நடந்தது என்பதைப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேட்டி கட்டிய ஒருவர் தரையில் விழுந்து, நாயின் முன்னங்காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். காலை இழுத்துக்கொள்ள இடமில்லை, பின்னால் தூண். விலகிப் போக வழியில்லை, சுற்றிலும் மனுஷர்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் குமார் உறுமியது.

கடிக்கவில்லை. ஆனால் யாரோ "கடிச்சிடுச்சி" என்று கத்தினார்கள். சுற்றி வந்துகொண்டிருந்தவர்கள் சிதறினார்கள். அவ்வளவு பேர் கையிலும் கைப்பேசி.

லலிதாம்மா கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எனக்கு நாய் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அந்த நாயின் பட்டையைப் பிடித்துக் கொக்கியிலிருந்து கழற்றி உள்ளே இழுத்து வந்தவன் நான்தான். அது நேராகக் கல்லா மேசைக்குக் கீழே புகுந்துகொண்டது. அந்த இடத்தில்தான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

கற்பூரத் தட்டு அம்மாளை சாந்திதான் சமாளித்து அனுப்பினாள். சாமிக்குத் தூக்கம் வந்துடுச்சி, அடுத்த அஷ்டமிக்கு வாங்க என்றாள்.

லலிதாம்மா மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் குமாரின் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது. "போச்சு தம்பி" என்றார்.

மறுநாள் காலை மகனிடமிருந்து போன். காணொளி சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு ஞாயிறு தள்ளி வருகிறேன், நாய்க்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன் என்று சொன்னாராம்.

விசாரணை

தூணிலிருந்து கொக்கியைப் பிடுங்கிவிட்டேன். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. ஆச்சரியம், லலிதாம்மாவும் குமாரும் உள்ளே வந்தார்கள், தேவியும் யாழினியும் வந்தார்கள், இரண்டு தரப்பும் ஒரு நாளும் நேருக்கு நேர் எதிர்ப்படவில்லை. ஏதோ நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. முன்பகல். மகன் சுரேஷ் கடைக்கு வந்தார். கூடவே அம்மா, குமார். சுரேஷ் நாற்பது தாண்டியவர், பதவிசான மனிதர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அதுதான் கஷ்டமே. இங்கே அம்மா விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அவர் என்னைத்தான் முதலில் கேட்டார், நாயால் கடையில் தொந்தரவு உண்டா என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனிதன் முதன்முதலில் நாயைப் பழக்கிய காலத்திலிருந்து தொடங்கினேன். பாதியில் அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களின் பொறுமை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தேவி தனியாக வந்தாள். நூல்கண்டு கேட்டு நின்றவள், குமாரைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றாள். சுரேஷ் அதைக் கவனித்துவிட்டார்.

"உங்களுக்கு இந்த நாயால ப்ராப்ளம் இருக்காங்க?"

லலிதாம்மா தரையைப் பார்த்தார். நான் தேவியைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"இருக்குங்க" என்றாள் தேவி. "என் பொண்ண நாய் கடிச்சிருக்கு. இது இல்ல, வேற. ஆனா எதப் பாத்தாலும் அவளுக்கு ஒண்ணுதான்."

சுரேஷ் அம்மாவின் பக்கம் திரும்பினார். தேவி இன்னும் முடிக்கவில்லை.

"அதனால நாங்க அஞ்சு மணிக்கு மேலதான் வருவோம். அம்மா வெயில் ஏறின பொறவு வந்துட்டுப் போயிடுவாங்க, அப்ப என் பொண்ணு ஸ்கூல்ல இருப்பா. லீவு நாள்ல நான் மட்டும் வருவேன். அஷ்டமிக்கு மறுநாள் அம்மாவே வூட்டுக்கு வந்து கேட்டாங்க, எந்த நேரத்துக்கு வந்தா உங்களுக்குத் தோதுன்னு. எங்கள யாரும் அப்படிக் கேட்டதில்லங்க. நாய் வச்சிருக்கறவங்க எல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொல்லுவாங்க."

எனக்கே இது புதுச் செய்தி. லலிதாம்மா சில நாட்களாக மண்டை காயும் வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏன் வருகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. என் கடையில் யார் எப்போது வரலாம் என்பதை இரண்டு பெண்கள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கடைக்காரனுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. சாந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

சுரேஷ் அம்மாவின் அருகில் போய் நின்றார். பிறகு தணிந்த குரலில், "இதெல்லாம் எத்தனை நாளைக்கும்மா?" என்றார்.

கடைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று யாராவது இப்போது என்னைக் கேட்டால், உடனே பதில் சொல்வதில்லை. அந்த நாயால் யார் வராமல் போகிறார்கள் என்று தெரியுமா, அவர்களைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். பெரும்பாலும் கேட்டவர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார். நான் கடைக்காரன், போகிற வாடிக்கையாளரைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

மகன் அப்படிக் கேட்டதும் லலிதாம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, புதுப் புளி வந்துடுச்சா?"

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். குடும்பம் நடத்துகிறவர்கள் அப்போதே வருஷம் முழுமைக்கும் வாங்கி, காயவைத்து, கல்லுப்பு சேர்த்து, ஜாடியில் அடைத்து வைத்துவிடுவார்கள். அடுத்த மாசி வரைக்கும் அதுதான். ஊரைவிட்டுப் போகிறவர்கள் யாரும் வருஷத்துப் புளி வாங்க மாட்டார்கள். அது சுரேஷுக்கும் தெரியும். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை.

வந்துவிட்டது என்றேன். கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்று கேட்டேன். கொட்டை எடுத்தது வாங்கினால் வேலை மிச்சம். எடுக்காதது என்றால் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார வேண்டும்.

"கொட்டையோடவே குடுங்க" என்றார் லலிதாம்மா. "எனக்கு என்னா அவசரம்? உக்காந்து எடுப்பேன். வருஷத்துக்கு வேணும், ஒருத்தருக்குத்தான், பாத்துப் போடுங்க."

நான் தராசில் நிறுத்துப் போட்டேன். சாந்தி சாக்கில் கட்டி, சின்னச் சிப்பமாகச் சணல் போட்டு வாசலில் வைத்தாள். புதுப் புளியின் வாசனை, நாக்கு ஊறுகிற மாதிரி, கடை முழுக்க நின்றது. அம்மா குமாரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சுரேஷ் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். குனிந்து, புளிச் சிப்பத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.